ரீடக்ஸ் டூல்கிட்டா, ஜுஸ்டாண்டா? பூ புக்கிங் ஆப்புக்கு எதைப் போடுவது, எப்படிப் போடுவது

தோவாளை | 4 ஆகஸ்ட் 2025, காலை 10.20

பூ மொத்த வியாபாரத்துக்கு ஒரு வெப் ஆப். ரியாக்ட் (திரையைக் கம்பொனென்ட்னு துண்டு துண்டாக் கட்டற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) 17, கிரியேட் ரியாக்ட் ஆப் (ப்ராஜெக்ட் தொடங்கி பில்ட் பண்ற கருவி) வச்சு 2021-ல ஆரம்பிச்சது. அஞ்சு ஸ்கிரீன்: இன்றைய விலை, ஆர்டர், வாடிக்கையாளர், பில், பாக்கி. ஆர்டர்ல சேத்த பூ மேல ஹெடர்லயும் தெரியணும், பில்லுலயும் தெரியணும். அதுக்காக ப்ராப்ஸ (கம்பொனென்டுக்குக் கொடுக்கற தரவு) அஞ்சு அடுக்குக்கு கைமாத்தி விட்டுக்கிட்டே வரவேண்டியிருக்கு. இந்த மாதிரிப் பொதுத் தரவை ஸ்டோர்னு ஒரே இடத்துல வச்சு எந்த ஸ்கிரீனும் எடுத்துக்க விடற லைப்ரரி ரீடக்ஸ். அதைப் போடலாம்னு பாத்தா ரெண்டு சிக்கல்.

ஒண்ணு, பழைய வீடியோல இருக்கபடி கிரியேட்ஸ்டோர் (ஸ்டோரை உருவாக்கற ஃபங்ஷன்) எழுதினா எடிட்டர் அதுக்கு மேல கோடு கிழிச்சுக் காட்டுது. ரெண்டு, ரியாக்டையும் ரீடக்ஸையும் இணைக்கற ரியாக்ட்-ரீடக்ஸ் இன்ஸ்டால் பண்ணும்போது என்பிஎம் (பேக்கேஜ் இறக்கற கருவி) 'ஈரிசால்வ்'னு, அதாவது பதிப்புகள் ஒத்துப்போகலேன்னு, நின்னுருது. கடைசி வரில ஃபோர்ஸ் போடச் சொல்லுது. போடலாமா?

26-ஆம் தேதி அத்தம் (ஓணம் தொடங்கற நாள்). அதுக்கு முன்னாடி ஓடணும்.

தக்கலை | 4 ஆகஸ்ட், காலை 11.05

ஃபோர்ஸ் போடாதீங்க.

ரியாக்ட்-ரீடக்ஸ் 9-க்கு ரியாக்ட் 18 வேணும். காரணம் வெறும் நம்பர் இல்ல. ரியாக்ட் 18-ல புதுசா வந்த யூஸ்-சிங்க்-எக்ஸ்டர்னல்-ஸ்டோர் என்கிற ஹூக்கை (கம்பொனென்ட்ல கூப்பிடற ரியாக்ட் ஃபங்ஷன்) 9 நேரடியாக் கூப்பிடுது. 17-ல அந்த ஹூக்கே கிடையாது. ஃபோர்ஸ் போட்டா இன்ஸ்டால் முடியும், பில்டும் முடியும், பிரவுசர்ல பக்கம் திறந்ததும் 'இஸ் நாட் எ ஃபங்ஷன்'னு வெள்ளைத் திரை. பதிப்புச் சோதனையை விட்டுர்ற லெகசி-பியர்-டெப்ஸ் போட்டாலும் இதே முடிவுதான்.

வழி ரெண்டு.

ரியாக்ட் 17-லயே இருக்கணும்னா ரியாக்ட்-ரீடக்ஸ் 8.1.3 போடுங்க. அது 16.8, 17, 18 மூணுக்கும் ஒத்துப்போகும், அந்த ஹூக்குக்கு மாற்று நிரல் அதுக்குள்ளயே இருக்கு. கூட ரீடக்ஸ் டூல்கிட் (ரீடக்ஸைச் சுருக்கமா எழுத அதே ஆளுங்க தர்ற தொகுப்பு) 2 போட்டாலும் சண்டை வராது.

இல்லேன்னா ரியாக்டை 18-க்கு ஏத்துங்க. ரியாக்ட், ரியாக்ட்-டாம் ரெண்டையும் ஒரே கட்டளையில் ஏத்தணும், ஒண்ணை மட்டும் ஏத்தினா மறுபடி ஈரிசால்வ். அப்புறம் நுழைவுக் கோப்புல ரியாக்ட்டாம்.ரெண்டர் இருக்கற இடத்துல கிரியேட்ரூட் வரணும். அதை மாத்தாம விட்டாலும் ஓடும், ஆனா ரியாக்ட் 17 மாதிரியே நடந்துக்கும், கன்சோல்ல எச்சரிக்கையும் வந்துக்கிட்டே இருக்கும்.

கோடு கிழிச்ச விஷயம்: கிரியேட்ஸ்டோர் இன்னும் வேலை செய்யும். 2022-ல ரீடக்ஸ் 4.2 வந்தப்ப 'இனிமே டூல்கிட்டுக்குப் போங்க'னு சொல்றதுக்காக அந்த அடையாளம் வச்சாங்க. நீங்க புதுசாப் போடறதால டூல்கிட்லயே ஆரம்பிக்கலாம். ரீடக்ஸைத் தனியா இன்ஸ்டால் பண்ணாதீங்க. டூல்கிட்டுக்குள்ளயே அது வருது. தனியா ஒரு பதிப்பு, உள்ள ஒரு பதிப்புன்னு ரெண்டு நின்னா பின்னாடி டைப்ஸ்கிரிப்ட்ல தலைவலி.

எல்லாம் முடிஞ்சதும் 'என்பிஎம் எல்எஸ் ரியாக்ட்' அடிச்சுப் பாருங்க. அது காட்டற பேக்கேஜ் மரத்துல எங்கயும் ரெண்டாவது ரியாக்ட் பதிப்பு தெரியக்கூடாது. தெரிஞ்சா 'இன்வாலிட் ஹூக் கால்' எரர் வர வாய்ப்பு அதிகம்.

மார்த்தாண்டம் | 4 ஆகஸ்ட், பகல் 1.40

தக்கலை அண்ணன் சொன்னதோட ஒரு சேர்ப்பு. 2021 ப்ராஜெக்ட்னா ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் (கிரியேட் ரியாக்ட் ஆப்போட பில்ட் பேக்கேஜ்) 4 ஆத்தான் இருக்கும். நோட் (பில்டை ஓட்டற ஜாவாஸ்கிரிப்ட் மென்பொருள்) 17-ல இருந்து அது ஓபன்எஸ்எஸ்எல் எரர் காட்டி பில்டே ஆகாது. கிரியேட் ரியாக்ட் ஆப்பையும் 2025 பிப்ரவரியில புது ப்ராஜெக்ட்டுக்கு வேண்டாம்னு ரியாக்ட் ஆளுங்களே அறிவிச்சாச்சு. நேரம் இருந்தா வீட்டுக்கு மாத்துங்க (கட்டடம் கட்டற வீடு இல்ல, பில்ட் கருவி). அஞ்சு ஸ்கிரீன் ஆப்புக்கு அரை நாள் வேலை.

மாத்தும்போது இடிக்கற இடங்கள்: இன்டெக்ஸ் எச்டிஎம்எல் பப்ளிக் ஃபோல்டர்ல இருந்து ப்ராஜெக்ட்டோட மூல ஃபோல்டருக்கு வரணும். ஜேஎஸ்எக்ஸ் (எச்டிஎம்எல் மாதிரி எழுதற ரியாக்ட் நடை) எழுதின கோப்பு எல்லாத்துக்கும் பின்னொட்டு ஜேஎஸ்எக்ஸ்னே இருக்கணும், வெறும் ஜேஎஸ் ஏத்துக்காது. ரியாக்ட்_ஆப்னு தொடங்கற சூழல் மாறிகள் எல்லாம் வீட்_னு மாறணும், படிக்கற விதமும் ப்ராசஸ்.என்வ்-ல இருந்து இம்போர்ட்.மெட்டா.என்வ்-க்குப் போகணும். பெயரை மாத்த மறந்தா ஏபிஐ முகவரி 'அன்டிஃபைன்ட்' ஆகி கோரிக்கையெல்லாம் தப்பான இடத்துக்குப் போகும், படிக்கற விதத்தை மறந்தா டெவலப்மென்ட்ல 'ப்ராசஸ் இஸ் நாட் டிஃபைன்ட்'னு நிக்கும்.

ஆனா அத்தத்துக்கு மூணு வாரம்தான். லைப்ரரியும் பில்ட் கருவியும் ஒரே கமிட்ல மாத்தாதீங்க. உடைஞ்சா எதுனால உடைஞ்சுதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது.

குளச்சல் | 4 ஆகஸ்ட், இரவு 9.15

இந்த அளவு ஆப்புக்கு ரீடக்ஸ் எதுக்கு? அதே வேலைக்கான சின்ன லைப்ரரி ஜுஸ்டாண்ட் போடுங்க. ஒரே பேக்கேஜ். கிரியேட்னு ஒரு ஃபங்ஷன், அதுக்குள்ள ஸ்டேட்டும் (ஆப் நினைவுல வச்சிருக்கற தரவு) அதை மாத்தற ஃபங்ஷன்களும். திரும்பி வர்ற ஹூக்கை எந்த கம்பொனென்ட்லயும் கூப்பிடலாம். ஸ்டோரை ஆப்புக்குக் கொடுக்கற ப்ரொவைடர் சுத்த வேண்டாம், ஸ்டேட்டை மாத்தற ரெட்யூசர் வேண்டாம், அதை மாத்தச் சொல்லி அனுப்பற ஆக்‌ஷன் வேண்டாம்.

ரியாக்ட் 17-ல இருக்கற வரைக்கும் ஜுஸ்டாண்ட் 4. 18-க்குப் போனப்புறம் 5. 5-ல டீஃபால்ட் எக்ஸ்போர்ட்டை எடுத்துட்டாங்க, கிரியேட்டை அடைப்புக்குறிக்குள்ள போட்டுத்தான் இம்போர்ட் பண்ணணும். பழைய பதிவுகளைப் பாத்து அப்படியே ஒட்டினா முதல் வரியிலயே நிக்கும்.

தக்கலை | 5 ஆகஸ்ட், காலை 7.50

எந்த லைப்ரரின்னு பேசறதுக்கு முன்னாடி, எதை அதுக்குள்ள வைக்கறதுன்னு பேசணும். இன்ஸ்டால் அஞ்சு நிமிஷம். தப்பான சரக்கை ஸ்டோர்ல வச்சுட்டா அதை வெளிய எடுக்க மாசக்கணக்காகும். தோவாளை சொன்ன அஞ்சு ஸ்கிரீனையும் எடுத்துக்கிட்டுப் பிரிச்சுப் பாருங்க.

இன்றைய விலை சர்வரோட சொத்து. சந்தையில விலை மாறினா சர்வர்ல மாறும், உங்க கையில இருக்கறது அதோட நகல். நகலுக்குக் காலாவதி வேணும், மறுபடி எடுக்கணும், எடுக்கும்போது தோத்தா என்ன காட்டறதுன்னு வேணும். இந்த மூணும் சாதா ஸ்டோர்ல கிடையாது. வாடிக்கையாளர் பட்டியல், பாக்கிப் பட்டியல் ரெண்டும் அப்படித்தான்.

பாக்கி ஸ்கிரீன்ல தேதி வடிகட்டி, எந்த ஊர்க் கடைங்கிற தேர்வு: இது முகவரிப் பட்டைல இருக்கணும். அப்பத்தான் ரிஃப்ரெஷ் பண்ணினாலும் நிக்கும், வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினாலும் அதே பக்கம் திறக்கும்.

எடை டைப் பண்ற பெட்டி: அந்த கம்பொனென்டோட யூஸ்ஸ்டேட் (அதுக்குள்ள மட்டும் இருக்கற தரவு) போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டோருக்கு ஆக்‌ஷன் அனுப்பி டிஸ்பேட்ச் அடிச்சா சாதா மொபைல்ல எழுத்து விழறது பின்தங்கும்.

மிச்சம் என்ன? இப்ப போட்டுக்கிட்டிருக்கற ஆர்டர், யார் உள்ள இருக்காங்க, மொழித் தேர்வு. அவ்வளவுதான். இந்த மூணுக்குத்தான் நீங்க லைப்ரரி தேடறீங்க.

தோவாளை | 5 ஆகஸ்ட், காலை 8.30

அப்ப குளச்சல் சொன்னதே போதுமா? ரியாக்ட்லயே இருக்கற கான்டெக்ஸ்ட்ல (அடுக்கடுக்கா கைமாத்தாம தரவு தர்ற வசதி) முடிச்சுரலாமா?

மார்த்தாண்டம் | 5 ஆகஸ்ட், காலை 9.00

மொழிக்கும் லாகினுக்கும் கான்டெக்ஸ்ட் தாராளமாப் போதும், ஏன்னா அது அபூர்வமாத்தான் மாறுது. ஆர்டருக்கு வேண்டாம். கான்டெக்ஸ்ட் மதிப்பு மாறினா அதைப் படிக்கற எல்லா கம்பொனென்டும் மறுபடி வரையப்படும், தனக்கு வேண்டிய துண்டை மட்டும் கேக்கற வசதி அதுல இல்ல. ஹெடர்ல எண்ணிக்கை மட்டும் வேணும்னாலும் எடை மாறறப்பல்லாம் ஹெடரும் ஓடும்.

விலையை எப்படியும் அப்பப்ப சர்வர்ல இருந்து எடுக்கணும். அதனால என் வாக்கு டூல்கிட்டுக்கு. சர்வர் தரவை எடுத்து வச்சுக்கற ஆர்டிகே கொரி அதுக்குள்ளயே இருக்கு, தனியா இன்னொரு பேக்கேஜ் வேண்டாம். ஜுஸ்டாண்ட் போட்டா கூடவே அதே வேலைக்கு டேன்ஸ்டாக் கொரி போடவேண்டியிருக்கும். அதுவும் நல்ல ஜோடிதான்.

குளச்சல் | 5 ஆகஸ்ட், இரவு 8.45

ஜுஸ்டாண்ட்ல அடிபடற இடத்தையும் சொல்லிர்றேன். செலக்டர்ல (ஸ்டோர்ல இருந்து வேண்டியதை எடுக்கற ஃபங்ஷன்) ரெண்டு மூணு மதிப்பை ஒரு ஆப்ஜெக்ட்டா கட்டித் திருப்பினா, ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்ட். 4-ல வீணா மறுபடி வரையும், அவ்வளவுதான். 5-ல 'மேக்சிமம் அப்டேட் டெப்த்'னு முடிவில்லாம சுத்தி ஆப் விழும். ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனி வரியில எடுங்க, இல்ல உள்ள இருக்கற மதிப்புகளை ஒப்பிடற யூஸ்ஷேலோவுக்குள்ள போடுங்க. 4-ல இருந்து 5-க்கு ஏத்தறவங்க முதல்ல தேட வேண்டியது இதைத்தான்.

இன்னொண்ணு, செட் ஃபங்ஷன் மேல் அடுக்கை மட்டும்தான் சேத்துவிடும். ஆர்டருக்குள்ள வாடிக்கையாளர், அதுக்குள்ள முகவரின்னு அடுக்கு போனா, ஊரை மட்டும் மாத்தப்போயி பெயரையும் போனையும் அழிச்சிருவீங்க. இம்மர் மிடில்வேர் (உள் அடுக்கை நேரடியா மாத்தற மாதிரி எழுத விடற இணைப்பு) சேருங்க, இல்லேன்னா ஸ்டேட்டைத் தட்டையா வைங்க.



  

மார்த்தாண்டம் | 6 ஆகஸ்ட், காலை 6.30

டூல்கிட் போடற வரிசை. தோவாளை இதை அப்படியே பின்பற்றலாம்.

முதல்ல டூல்கிட், ரியாக்ட்-ரீடக்ஸ் ரெண்டும் ஒரே இன்ஸ்டால் கட்டளைல. லாக் கோப்பையும் சேத்து கமிட் பண்ணுங்க. சர்வர்ல பில்ட் எடுக்கும்போது இன்ஸ்டால் இல்ல, 'என்பிஎம் சிஐ'. அது லாக் கோப்புல இருக்கறதை மட்டும் இறக்கும், பேக்கேஜ் கோப்போட ஒத்துப்போகலேன்னா அங்கயே நின்னுரும். அது நிக்கறது நல்லதுதான்.

அடுத்து ஆர்டர் ஸ்லைஸ் (ஸ்டோர்ல ஆர்டருக்கான பகுதி). கிரியேட்ஸ்லைஸுக்குப் பெயர், தொடக்க ஸ்டேட், ரெட்யூசர்கள். தொடக்க ஸ்டேட்ல வரிகள் என்கிற காலி அரே, வாடிக்கையாளர் எண் நல். ரெட்யூசர் நாலு: வரி சேர், எடை மாற்று, வரி நீக்கு, ஆர்டர் காலி.

அப்புறம் ஸ்டோர் கோப்பு. கான்ஃபிகர்ஸ்டோர்ல ரெட்யூசர் ஆப்ஜெக்ட். கொரி சேத்தா அதோட ரெட்யூசரும் மிடில்வேரும் ரெண்டும் சேரணும். மிடில்வேரை ஃபங்ஷனாக் கொடுத்து, இயல்பா வர்ற பட்டியலோட கான்கேட் பண்ணுங்க. பழைய பதிவுகள்ல நேரடியா அரே கொடுத்திருப்பாங்க. டூல்கிட் 1-ல அப்படிக் கொடுத்தா தங்க் (ஃபங்ஷனையும் டிஸ்பேட்ச் பண்ண விடற மிடில்வேர்) உட்பட இயல்பானது எல்லாம் போயிரும், 'ஆக்‌ஷன்ஸ் மஸ்ட் பி பிளைன் ஆப்ஜெக்ட்ஸ்'னு எரர் வர்றதுக்கு அது ஒரு பெரிய காரணம். 2-ல அரேயை ஏத்துக்கறதே இல்ல. 2-ல எக்ஸ்ட்ரா-ரெட்யூசர்ஸ்லயும் ஆப்ஜெக்ட் நடையை எடுத்துட்டாங்க, பில்டர் நடை மட்டும்தான்.

கடைசியா நுழைவுக் கோப்புல ஆப்பை ப்ரொவைடருக்குள்ள வைங்க. ரூட்டருக்கும் வெளியில. 'குட் நாட் ஃபைண்ட் ரியாக்ட்-ரீடக்ஸ் கான்டெக்ஸ்ட்'னு வந்தா ஒண்ணு ப்ரொவைடர் விட்டுப்போயிருக்கு, இல்ல ரியாக்ட்-ரீடக்ஸ் ரெண்டு நகல் இருக்கு.

மார்த்தாண்டம் | 6 ஆகஸ்ட், காலை 6.55

ரெட்யூசருக்குள்ள இம்மர் வேலை செய்றதால நேரடியா மாத்தற மாதிரி எழுதலாம். ஆனா மூணு இடத்துல கவனம்.

ஸ்டேட்டுக்கே புது அரேயை ஒதுக்கினா (ஸ்டேட் சமம் காலி அரேன்னு எழுதினா) ஒண்ணும் நடக்காது, எரரும் வராது. புதுசைத் திருப்பணும். இல்ல உள்ள இருக்கற பண்பை மாத்தணும்.

ஆரோ ஃபங்ஷன்ல நெளிவு அடைப்பு இல்லாம ஒதுக்கீடு எழுதினா, அந்த மதிப்பு ரிட்டர்னும் ஆயிரும். மாத்தவும் செஞ்சு திருப்பவும் செஞ்சா இம்மர் ஏத்துக்காது, எரர் தரும்.

ரெட்யூசருக்கு வெளிய ஸ்டோர்ல இருக்கற அரே உறைஞ்சது. விலைப் பட்டியலை கம்பொனென்ட்ல நேரா சார்ட் போட்டா 'ரீட் ஒன்லி'னு விழும், ஏன்னா சார்ட் இருக்கற அரேயையே புரட்டுது. நகல் எடுத்துட்டு சார்ட் பண்ணுங்க.

தக்கலை | 6 ஆகஸ்ட், மாலை 5.20

ஆர்டர் வரிக்குள்ள என்ன வைக்கறதுங்கறதுதான் இந்த ஆப்போட உயிர்.

ஒரு வரியை எடுத்துக்குவோம்: பிச்சி, 2 கிலோ 750 கிராம், கிலோ 640 ரூபாய் (கணக்குக்காகச் சொல்றேன்). எடையை 2.75-ன்னு வைக்காதீங்க, 2750 கிராம்னு முழு எண்ணா வைங்க. விலையை 64000 பைசான்னு வைங்க. பெருக்கி 1000-ல வகுத்தா 1,76,000 பைசா, 1,760 ரூபாய். ரூபாயா மாத்தறது திரையில காட்டற கடைசி இடத்துல மட்டும். பின்னமா வச்சா வரி கூடக்கூட பைசா நழுவும், பில்லும் பாக்கியும் ஒத்துப்போகாது.

டைப் பண்ணினதை கிராமா மாத்தும்போது ரவுண்ட் போடுங்க, ஃப்ளோர் வேண்டாம். 1.005-ஐ 1000-ஆல பெருக்கினா ஜாவாஸ்கிரிப்ட்ல 1004.9999999999999 வரும். ஃப்ளோர் போட்டா ஒரு கிராம் காணாமப் போகும்.

விலையை வரிக்குள்ள நகல் எடுத்து வைங்க. 'விலை சர்வரோட சொத்து'னு மேல எழுதினதுக்கு இது முரண் இல்ல. பலகையில ஓடற விலை சர்வரோடது. 'இந்த விலைக்குத் தர்றேன்'னு பேசி முடிச்ச விலை ஆர்டரோடது. வரியில பூவோட எண்ணை மட்டும் வச்சு, விலையைப் பலகையில இருந்து ஒவ்வொரு தடவையும் எடுத்தா, அஞ்சு மணிக்குப் பேசின ஆர்டர் ஆறு மணிக்கு வேற தொகை காட்டும். திருவோணத்துக்கு முந்தின வாரத்துல மணிக்கொரு விலை ஓடும்போது இது சண்டையில முடியும். பலகை விலை மாறினா வரிக்குப் பக்கத்துல 'இப்போதைய விலை வேறு'னு ஒரு குறி காட்டுங்க, வரியைத் தானா மாத்தாதீங்க.

மொத்தத் தொகையை ஸ்டேட்ல வைக்காதீங்க. அது வரிகள்ல இருந்து வர்றது, செலக்டர்ல கணக்குப் போடுங்க. ரெண்டு இடத்துல வச்சா ஒருநாள் ரெண்டும் ரெண்டாப் போகும்.

தோவாளை | 6 ஆகஸ்ட், மாலை 6.10

எல்லாம் கிலோ கணக்கு இல்லியே. தாமரை எண்ணிக்கைக்கு, ரோஜா பாக்கெட்டுக்கு. கேந்தி, அரளி, சம்பங்கி கிலோ.

தக்கலை | 6 ஆகஸ்ட், மாலை 6.40

வரியில அலகுன்னு ஒரு புலம் சேருங்க: கிராம், எண்ணம், பாக்கெட். அளவு எப்பவும் முழு எண். விலைக்கு 'எத்தனை அலகுக்கு'ன்னு ஒரு வகுஎண்: கிராமுக்கு 1000, மத்த ரெண்டுக்கும் 1. அப்ப கணக்கு எல்லாத்துக்கும் ஒரே சூத்திரம், கிளை பிரிக்க வேண்டாம்.

குளச்சல் | 8 ஆகஸ்ட், இரவு 9.30

சந்தைக்குள்ள நெட் விட்டு விட்டு வரும். பாதி ஆர்டர் போடும்போது பக்கம் ரிஃப்ரெஷ் ஆனா எல்லாம் போயிரும். ஜுஸ்டாண்ட்ல ஸ்டேட்டைச் சேமிச்சு வைக்கற பெர்சிஸ்ட் மிடில்வேர் கூடவே வருது: ஒரு பெயர், எதைச் சேமிக்கணும்னு பார்ஷியலைஸ், பதிப்பு எண், மைக்ரேட். ரீடக்ஸுக்கு ரீடக்ஸ்-பெர்சிஸ்ட்.

மார்த்தாண்டம் | 9 ஆகஸ்ட், காலை 7.15

ரீடக்ஸ்-பெர்சிஸ்ட் 6 வந்தது 2019-ல, அதுக்கப்புறம் புதுப் பெரும்பதிப்பு இல்ல. ஓடும், ஆனா அது அனுப்பற ஆக்‌ஷன்களை சீரியலைஸ் சோதனையில (எழுத்தா மாத்திச் சேமிக்க முடியுமான்னு பாக்கறது) விலக்கி வைக்கலேன்னா கன்சோல் முழுக்க எச்சரிக்கை. ஒரு ஸ்லைஸுக்காக அது வேண்டாம்.

ஸ்டோர்.சப்ஸ்கிரைப்ல ஆர்டர் ஸ்லைஸ் மாறியிருக்கான்னு பழைய குறிப்போட ஒப்பிட்டு, மாறியிருந்தா மட்டும் அரை நொடி தாமதிச்சு பிரவுசரோட லோக்கல் ஸ்டோரேஜ்ல எழுதுங்க. திறக்கும்போது படிச்சு ப்ரீலோடட்-ஸ்டேட்டாக் கொடுங்க. ரெண்டும் ட்ரை-கேட்ச்சுக்குள்ள. இடம் நிறைஞ்சாலோ, பாதி எழுதின ஜேசான் கிடந்தாலோ ஆப் திறக்காம நிக்கக்கூடாது. லோக்கல் ஸ்டோரேஜ் ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி, ஆர்டர் வரிகளுக்கு அது ஏராளம்.

சேமிக்கறதுல பதிப்பு எண் கட்டாயம். நேத்து அலகு புலம் இல்லாம சேமிச்ச ஆர்டரை இன்னைக்குப் புது நிரல் படிச்சா தொகை 'நேன்'னு (எண் இல்லேன்னு) வரும். எண் ஒத்துப்போகலேன்னா மாத்தி எழுதுங்க, முடியலேன்னா காலியில இருந்து தொடங்குங்க. லாகின் டோக்கனை இதுக்குள்ள வைக்காதீங்க. ஆர்டிகே கொரியோட ஸ்லைஸையும் சேமிக்காதீங்க: நேத்து விலை இன்னைக்குக் காலையில திரையில நிக்கும்.

தக்கலை | 9 ஆகஸ்ட், காலை 8.00

சேமிக்கறதுன்னு வந்ததால தேதி பத்தியும் சொல்லணும். ஸ்டோர்ல டேட் ஆப்ஜெக்ட் வைக்காதீங்க, டூல்கிட் டெவலப்மென்ட்ல 'நான்-சீரியலைசபிள்'னு எச்சரிக்கும். அதை அணைச்சுட்டு விட்டாலும் ஜேசானாப் போயி திரும்பி வரும்போது அது வெறும் எழுத்தாத்தான் வரும்.

எழுத்தா வைக்கறோம்னு டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் எடுத்து முதல் பத்து எழுத்தை நாளா வச்சுக்கறதுதான் இந்த ஆப்புல பெரிய பள்ளம். அது உலகப் பொது நேரம், நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. காலை 4.10-க்குப் போட்ட ஆர்டருக்கு அது முந்தின நாள் தேதியைத் தரும், ஏன்னா அங்க அப்ப இரவு 10.40. பகல்ல உக்காந்து சோதிச்சா ஒரு தப்பும் தெரியாது. பூச்சந்தை விடியறதுக்கு முன்னாடியே சூடு பிடிக்கறதால, அஞ்சரைக்கு முன்னாடி நடந்த வியாபாரம் அத்தனையும் நேத்துக் கணக்குல ஏறும்.

இன்ட்ல் டேட்-டைம்-ஃபார்மேட்ல நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தான்னு வெளிப்படையாக் கொடுத்து நாளை எடுங்க. தருணத்தைத் தனியா ஐஎஸ்ஓ-வா வைங்க, வியாபார நாளைத் தனிப் புலமா வைங்க. கேரளாவுக்குப் போற ஆர்டரும் இதே மண்டலம்தான், அதுல குழப்பம் இல்ல.

தோவாளை | 12 ஆகஸ்ட், பிற்பகல் 3.00

ரியாக்ட் 18, டூல்கிட் 2, ரியாக்ட்-ரீடக்ஸ் 9 ஓடுது. வீட் மாத்தறதை ஓணத்துக்கு அப்புறம் வச்சாச்சு. ஆர்டர், ஹெடர் எண்ணிக்கை சரி. கன்சோல்ல 'செலக்டர் ரிட்டர்ன்ட் எ டிஃபரன்ட் ரிசல்ட்'னு வருது. அலகு கிராமா இருக்கற வரிகளை மட்டும் வடிகட்டி எடுக்கற இடம்.

மார்த்தாண்டம் | 12 ஆகஸ்ட், மாலை 4.25

ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் புது அரே தரும். யூஸ்செலக்டர் பழைய குறிப்பும் புதுக் குறிப்பும் ஒண்ணான்னு மட்டும்தான் பாக்கும், உள்ள இருக்கறதைப் பாக்காது. அதனால எங்கயோ மொழி மாறினாலும் இந்தக் கம்பொனென்ட் மறுபடி வரையும். கிரியேட்செலக்டர்ல உள்ளீடா வரிகள், முடிவா ஃபில்டர்னு பிரிச்சு எழுதுங்க. வரிகள் மாறாத வரைக்கும் பழைய முடிவையே தரும். அதை கம்பொனென்டுக்கு வெளிய, ஸ்லைஸ் கோப்புலயே எழுதணும். உள்ள எழுதினா ஒவ்வொரு வரைவுக்கும் புது செலக்டர் பிறக்கும், பலன் இல்ல. உள்ளீட்டு ஃபங்ஷன்லயே ஃபில்டர் போட்டாலும் பலன் இல்ல.

எண்ணிக்கைக்கு இதெல்லாம் வேண்டாம். நீளம் ஒரு எண், எண் எண்ணோட ஒத்துப்போகும்.

தோவாளை | 13 ஆகஸ்ட், காலை 9.45

விலைப் பலகை தானாப் புதுப்பிக்க என்ன வைக்கலாம்?

மார்த்தாண்டம் | 13 ஆகஸ்ட், காலை 10.30

ஆர்டிகே கொரில போலிங்-இன்டர்வெல் 60000 போடுங்க, ஒரு நிமிஷம். கூட ஸ்கிப்-போலிங்-இஃப்-அன்ஃபோகஸ்ட் போட்டா மொபைல் பைக்குள்ள இருக்கும்போது டேட்டாவைத் தின்னாது. திரும்பித் திறந்ததும் புது விலை வர ரீஃபெட்ச்-ஆன்-ஃபோகஸ். இந்த ரெண்டுக்கும் ஸ்டோர் கோப்புல செட்அப்-லிஸனர்ஸ் கூப்பிட்டிருக்கணும், இல்லேன்னா சத்தமில்லாம வேலை செய்யாது.

பலகையில 'கடைசியாக எடுத்த நேரம்' கட்டாயம் காட்டுங்க. நெட் போனா கொரி பழைய தரவையே காட்டிக்கிட்டிருக்கும், அது பழசுன்னு பாக்கறவருக்குத் தெரியணும்.

குளச்சல் | 13 ஆகஸ்ட், இரவு 8.20

கடையில ஒரே போனை ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி எடுப்பாங்க இல்லியா? லாக்அவுட் பண்ணினா என்ன ஆகுது?

தக்கலை | 13 ஆகஸ்ட், இரவு 9.05

மூணு இடத்தைத் துடைக்கணும். ஸ்லைஸ்கள்: லாக்அவுட் ஆக்‌ஷனை ஒவ்வொரு ஸ்லைஸும் எக்ஸ்ட்ரா-ரெட்யூசர்ஸ்ல கேட்டு தொடக்க ஸ்டேட்டைத் திருப்பணும். கொரி நினைவகம்: ரீசெட்-ஏபிஐ-ஸ்டேட்டைத் தனியா டிஸ்பேட்ச் பண்ணணும், இல்லேன்னா முந்தின ஆளோட பாக்கிப் பட்டியல் அடுத்த ஆளுக்கு ஒரு கணம் தெரியும். லோக்கல் ஸ்டோரேஜ்: அழிக்கறதை மேல சொன்ன அரை நொடித் தாமதத்தை ரத்து பண்ணிட்டுச் செய்யணும். ரத்து பண்ணாம அழிச்சா, காத்துக்கிட்டிருந்த எழுத்து பின்னாடியே வந்து பழைய ஆர்டரைத் திரும்ப எழுதி வச்சுரும்.

தோவாளை | 18 ஆகஸ்ட், காலை 6.10

சோதனைக்கு விட்டதுல ஒரே ஆர்டர் சர்வர்ல ரெண்டு தடவை ஏறியிருக்கு. நெட் மெதுவா இருந்து 'அனுப்பு'வை மறுபடி தட்டியிருக்காங்க. பொத்தானை முடக்கினா போதுமா?

தக்கலை | 18 ஆகஸ்ட், காலை 7.00

முடக்குங்க, ஆனா போதாது. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில தொலைஞ்சா, பொத்தான் மறுபடி உயிர்பெறும், மறுபடி தட்டுவாங்க.

ஆர்டர் தொடங்கும்போதே அதுக்கு ஒரு அடையாள எண் கொடுங்க. அதை ரெட்யூசருக்குள்ள உருவாக்காதீங்க, ரெட்யூசர் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தரணும். கிரியேட்ஸ்லைஸ்ல ப்ரிப்பேர்னு ஒரு இடம் இருக்கு, அங்க நேனோஐடி (தற்செயலா அடையாள எண் தர்ற ஃபங்ஷன்) கூப்பிட்டு பேலோட்ல (ஆக்‌ஷனோட போற தரவு) வைங்க. டூல்கிட்லயே நேனோஐடி வருது. அந்த எண் ஆர்டரோடயே லோக்கல் ஸ்டோரேஜுக்கும் போகும், அதனால ரிஃப்ரெஷ் ஆகி மறுபடி அனுப்பினாலும் அதே எண்.

சர்வர் டேட்டாபேஸ்ல அந்தப் புலத்துக்கு யுனிக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை ஏறக்கூடாதுங்கற) கட்டுப்பாடு போடுங்க. ரெண்டாவது தடவை வந்தா எரர் திருப்பாதீங்க, முதல்ல ஏறின ஆர்டரையே வெற்றியாத் திருப்புங்க. ஆப் பக்கம் வெற்றி வந்தப்புறம்தான் 'ஆர்டர் காலி'யை டிஸ்பேட்ச் பண்ணணும், தட்டின உடனே இல்ல.

தோவாளை | 18 ஆகஸ்ட், பகல் 12.35

யுனிக் போட்டாச்சு. நெட்டை நடுவுல அறுத்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பாத்தும் ஒரு ஆர்டர்தான் ஏறுது. தேதியைச் சோதிக்க போன் கடிகாரத்தைக் காலை 4.10-க்கு மாத்தி வச்சுப் பாத்தாச்சு, அதே நாள்தான் வருது.